ஈசானிய மூலையிலிருந்து கன்னி மூலைக்கு

போன மாதம் சரவணம்பட்டியில் ஒரு கல்லூரியில் கருத்தரங்கு. நாடுகளுக்கு இடையே நடக்கும் தொழில்நுட்பப் போட்டி என்பது பொருள். வேலைக்காலம் முழுக்க டில்லியில் நான் பார்த்த வேலை அதுதான் என்பதால் என்னையும் கூப்பிட்டு, முன்வரிசையில் உட்காரவைத்து, சால்வை போர்த்தினார்கள். வெயில் காலத்தில் சால்வை எதற்கு என்று கேட்டேன். போட்டோவுக்கு நேராக நிற்கச் சொன்னார்கள்.

ஓர் ஆராய்ச்சி மாணவி எழுந்து பேசினாள். நன்றாகவே பேசினாள். நடுவில் திரையில் இந்தியப் படம் வந்தது. கோயமுத்தூருக்குத் தெற்கே ஒரு சிவப்புப் புள்ளி. அதிலிருந்து ஓர் அம்புக்குறி கிளம்பி, கடலைத் தாண்டி, ஒரு கேள்விக்குறியில் போய் முடிந்தது. 'கோவை எந்திரக் கடத்தல்' என்று மேலே தலைப்பு. தடை செய்யப்பட்ட நாட்டுக்கு உயர்தர எந்திரம் கைமாறியதை இந்தியாவே ஒப்புக்கொண்ட உதாரணம் இது என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டாள்.

என் கையிலிருந்த காபி சால்வையில் கொட்டியது.

கூட்டம் முடிந்ததும் அவளே என்னிடம் வந்தாள். "மேடம், அந்தச் சமயத்துல நீங்க அதே வேலையில இருந்தீங்கன்னு சார் சொன்னாருங்க. அந்த மெஷின் கடைசில எந்த நாட்டுக்குங்க போச்சு? ரெண்டு நாட்டுப் பேர் சொல்றாங்க."

"எந்த நாட்டுக்கும் போகல. ஈசானிய மூலையில இருந்து கன்னி மூலைக்குப் போச்சு."

சிரித்தாள். நான் ஜோக் அடிக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். "போங்க மேடம். நம்ம அரசாங்கமே ஒத்துக்கிட்டதா இருக்குங்களே?"

இருக்கிறது. ஒப்புக்கொண்டபோது நான் அந்த அறையில்தான் உட்கார்ந்திருந்தேன். அன்று எனக்கு ஏற்பட்ட அதிர்ச்சி இன்னும் போகவில்லை. இப்போது அதற்கு அம்புக்குறி வேறு போட்டுவிட்டார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். எனக்கு அழகாக எழுத வராது. நடந்ததை எழுதுகிறேன்.

நான் கோயமுத்தூரில் எந்திரவியல் படித்தவள். கொஞ்சநாள் ஒரு பம்ப் கம்பெனியில் டிசைன் பிரிவில் இருந்தேன். அது போதாது என்று டில்லிக்குப் போய் பன்னாட்டு உறவு படித்தேன். அரசுக்கு ஆலோசனை சொல்லும் ஓர் ஆய்வு நிறுவனத்தில் என்னை எடுத்துக்கொண்டார்கள். என் அறிவைப் பார்த்து எடுக்கவில்லை. அங்கே எல்லோருக்கும் ஒப்பந்தம் தெரியும், ஒருவருக்கும் லேத் தெரியாது. அவ்வளவுதான்.

வேலை என்னவென்றால், எந்த நாடு எந்தக் கருவியை நமக்கு விற்க மறுக்கிறது, ஏன் மறுக்கிறது, அதை எப்படிப் பேசி வாங்குவது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பேச்சுவார்த்தைக்கு அதிகாரிகள் போகும்போது பின் வரிசையில் நாங்களும் உட்காருவோம். பின் வரிசைக்காரர்கள் வாய் திறக்கக் கூடாது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் துண்டுத்தாளில் எழுதி முன்னால் நீட்ட வேண்டும். என்னைப் போல் ஒருத்திக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

எங்கள் இயக்குநரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேச்சுவார்த்தைகளில் அரசு சார்பில் அவர்தான் முன்னால் உட்காருவார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ரொம்பக் கோபம் வந்தால் துடைத்ததையே மறுபடியும் துடைப்பார். ஒவ்வொரு பேச்சுவார்த்தைக்கு முன்பும் எங்களை வைத்து ஒத்திகை நடத்துவார். மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் எதிர்நாடாக உட்கார வேண்டும். நம்மை மடக்கி மடக்கிக் கேட்க வேண்டும். அந்த நாற்காலி எப்போதும் எனக்குத்தான். "நீ உட்காரும்மா, உனக்குத்தான் மரியாதை தெரியாது" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

நாம் சொல்லப் போகும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அவர் ஒரே கேள்வி கேட்பார். "நாளைக்கு இது பத்திரிகையில் எப்படி வரும்? தலைப்பைச் சொல்." தலைப்பு அசிங்கமாக இருந்தால் அந்த வாக்கியத்தை அடித்துவிடுவார். ஒருமுறை ஒரு நாடு நமக்குச் சோதனைக் கருவி ஒன்றைத் தர மாட்டேன் என்று அடம்பிடித்தது. ஒத்திகையில் நான் அந்த நாடாக உட்கார்ந்து அவரை வறுத்து எடுத்தேன். அவர் ஒரே ஒரு வாக்கியத்தை மாற்றினார். 'எங்களுக்கு வேண்டும்' என்றிருந்ததை 'நீங்கள் தராவிட்டால் நாங்களே செய்ய வேண்டிவரும்' என்றாக்கினார். கருவி வந்தது. அவரைப் போல மேசையில் பேசுகிற ஆளை நான் பார்த்ததில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான் பொய் சொன்னவள் ஆவேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

கிணத்துக்கடவில் சென்னியப்பன் என்று ஒருவர். தோட்டத்துக்காரர் வீட்டுப் பிள்ளை. பம்ப்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் செய்து பிழைத்து, மெல்ல மெல்ல வளர்ந்து, கடன் வாங்கி வெளிநாட்டிலிருந்து ஓர் ஐந்து அச்சு எந்திரம் வாங்கினார். இரும்புக் கட்டியை ஒரே பிடியில் வைத்து எல்லாப் பக்கமும் திருப்பிச் செதுக்கும் எந்திரம் அது. பம்ப் இம்பெல்லர் செய்யலாம். விமான எஞ்சின் பாகம் செய்யலாம். ஏவுகணைப் பாகமும் செய்யலாம். அதனால் விற்கிற நாடு சும்மா விற்காது. எந்திரத்துக்குள் ஓர் உணர்கருவியை வைத்துத்தான் அனுப்பும். எந்திரத்தை இருக்கும் இடத்திலிருந்து அசைத்தால் அது தானாகப் பூட்டிக்கொள்ளும். விற்றவன் வந்து திறந்தால்தான் ஓடும். எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று அந்தக் கருவிக்குத் தெரியாது. ஓர் அடியும் ஒன்றுதான், ஒரு கண்டமும் ஒன்றுதான்.

அந்த எந்திரத்தை நம்பி விமான பாகம் செய்கிற ஆர்டர் ஒன்றை அவர் பிடித்திருந்தார். கிணத்துக்கடவு, பொள்ளாச்சிப் பக்கத்துப் பையன்களுக்கும் பெண்களுக்கும் பயிற்சி கொடுத்து வேலைக்கு வைத்திருந்தார்.

அந்த வருஷம் அவருக்குக் கெட்ட நேரம். மனைவிக்கு உடம்பு சரியில்லை, கிணற்று மோட்டார் புகைந்தது, இரண்டு லோடு சரக்கு திரும்பி வந்தது. தாராபுரத்திலிருந்து வாஸ்து பார்ப்பவர் ஒருவரைக் கூட்டிவந்தார். அவர் ஷெட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஈசானிய மூலை காலியா இருக்கோணும். அங்க போய் இத்தன பாரத்த எறக்கி வெச்சிருக்கறீங்களே" என்றிருக்கிறார். பாரமெல்லாம் தென்மேற்கில், கன்னி மூலையில் இருக்க வேண்டுமாம். ஆனி மாதக் கடைசியில் கிரேன் வைத்து எந்திரத்தைத் தூக்கி, அதே ஷெட்டுக்குள் எதிர் மூலையில் புதிதாகப் போட்ட காங்கிரீட் மேடையில் இறக்கினார்கள்.

அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் புது இடத்தில் எதையும் தொடங்கக் கூடாது என்று அவர் மனைவி சொல்ல, எந்திரத்தின் மேல் தார்ப்பாயைப் போட்டு மாதம் முழுக்க அப்படியே வைத்துவிட்டார்கள். ஆவணி முதல் முகூர்த்தத்தில் தேங்காய் உடைத்து, எலுமிச்சை நசுக்கி, சுவிட்சைப் போட்டார்கள். எந்திரம் ஓடவில்லை. திரையில் பூட்டுப் படம் வந்தது.

சென்னியப்பன் விற்ற கம்பெனிக்கே போன் போட்டு, "சும்மா அக்கட்டால தள்ளி வெச்சமுங்க. ஆடி முடியட்டும்னு ஒரு மாசம் ஓட்டலீங்க" என்று சொல்லியிருக்கிறார். எதையும் மறைக்கவில்லை. அசைக்கக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருந்தது அவருக்குத் தெரியும். தொழிற்சாலையை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது என்று அதற்கு அர்த்தம் பண்ணிக்கொண்டார். கம்பெனி தன் அரசுக்குச் சொன்னது. அந்த அரசு டில்லிக்கு எழுதியது. இவ்வளவு விலையுள்ள எந்திரத்தை எந்த வியாபாரியும் ஒரு மாதம் சும்மா நிறுத்தமாட்டான், ஆகவே அந்த மாதம் யாரோ பூட்டை ஏமாற்றி அதை வேறெங்கோ ஓட்டியிருக்கிறார்கள், எங்கே என்று கேட்டது. அந்தச் சமயம் பார்த்து அதே நாட்டிடம் நாம் பெரிய சலுகை ஒன்று கேட்டுக்கொண்டிருந்தோம். சிப் செய்யும் கருவிகளை அவர்கள் நமக்கு எளிதாக விற்க வேண்டும் என்று. பேச்சுவார்த்தைக்குத் தேதி குறித்தாகிவிட்டது.

இயக்குநர் என்னை ஊருக்கு அனுப்பினார். அந்த நாட்டுத் தூதரகம் தங்கள் பொறியாளர் ஒருவரையும் என்னோடு அனுப்பியது. ஆறடிக்கு மேல் உயரம். ஷெட்டில் வேலை செய்த பிள்ளைகள் வந்த உடனேயே அவருக்கு நெட்டையர் என்று பேர் வைத்துவிட்டார்கள்.

சென்னியப்பன் வாசலுக்கு ஓடிவந்தார். "வாங்க அம்மணி, வாங்க. நம்மூருப் புள்ளயே டில்லில இருந்து வருதுன்னாங்க, எனக்குப் பாதி உசுரு வந்துருச்சு. சாப்ட்டுப்போட்டு அப்பறமா மெஷினப் பாக்கலாமுங்க."

"சாப்பாடெல்லாம் இருக்கட்டுங்க. எதுக்குங்க தொட்டீங்க அத?" என்று கத்தினேன்.

"என்னங்க பண்றது. அவ்வளவு சாஸ்திரம் பாத்துச் சொன்னாரு. நான் என்னத்தக் கண்டேன்? இந்தக் கதவத் தாண்டலீங்க. முருகன் மேல சத்தியமுங்க."

நெட்டையர் எல்லாவற்றையும் பார்த்தார். பழைய மேடையில் போல்ட் அறுத்த தடம், புது மேடை, கிரேன் சக்கரம் தரையில் போட்ட கீறல். கீறல் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போய் நின்றது. கதவுப் பக்கம் திரும்பவே இல்லை. எந்திரம் உள்ளேதான் நகர்ந்தது என்பதை அவர் ஏற்றுக்கொண்டார். ஆனால் அந்த ஒரு மாதம் அவருக்குப் புரியவில்லை. "வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. ஆர்டர் காத்திருக்கிறது. எந்திரத்தை நிறுத்திவைப்பாரா?" என்று என்னிடம் மூன்று தடவை கேட்டார். நான் என்ன விளக்கியும் முகம் மாறவில்லை.

அவரைக் காரில் ஏற்றினேன். கடைவீதியை ஒட்டி ஒரு கல்யாண மண்டபம். உள்ளே போய் மேனேஜரிடம், "வர்ற ஆடில ஒரு கல்யாணம். மண்டபம் வேணும்" என்றேன்.

மேனேஜர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு நெட்டையரைப் பார்த்தார். "ஏனுங்க அம்மணி, இவருக்குங்களா?"

"யாருக்கா இருந்தா என்னங்க? காலியா இருக்குதா?"

"காலியாத்தானுங்க இருக்குது. ஆடில எவங்க கல்யாணம் வெப்பான்? நாங்க அந்த மாசம் வெள்ளையடிப்பமுங்க. பொண்ணு ஊட்டுக்காரங்களுக்குத் தெரியுமுங்களா?" அவர் குரலில் உண்மையான கவலை இருந்தது. "வெள்ளைக்காரங்களுக்குத் தெரியாது சரி, நீங்களாச்சும் எடுத்துச் சொல்லக் கூடாதுங்களா? ஒரு மாசம் தள்ளி வெச்சா ஆவணி வந்துருமில்ல?"

நான் ஒரு வார்த்தைகூட மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவில்லை. நெட்டையர் அந்த மனிதரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காரில் ஏறியதும் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "எந்திரம் எங்கேயும் போகவில்லை. அப்படியே எழுதுகிறேன்" என்றார். எழுதவும் செய்தார். திரும்பிப் போய்ச் சென்னியப்பன் வீட்டில் இருவரும் சாப்பிட்டோம். அந்த வீட்டம்மா நெட்டையருக்கு மூன்று தடவை ரசம் ஊற்றினார்.

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்துக்கொண்டு டில்லி திரும்பினேன். என்னைவிட முட்டாள் இருக்க முடியாது.

ஒத்திகையில் எதிர்நாட்டு நாற்காலியில் உட்கார்ந்து அதே கேள்வியைக் கேட்டேன். "அந்த ஒரு மாதம் எந்திரம் எங்கே இருந்தது?" கேட்டுவிட்டு, நானே எழுந்து இந்தப் பக்கம் வந்து பதிலையும் சொன்னேன். வாஸ்து, ஆடி, தார்ப்பாய், எல்லாம்.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். "தலைப்பைச் சொல்" என்றார்.

என்னை வாய் திறக்க விடவில்லை. அவரே சொன்னார். "'சிப் தொழிற்சாலை கேட்கும் நாடு ஆடி மாதத்தில் எந்திரத்தை அணைத்துவைக்கிறது.' இதை நான் அந்த மேசையில் சொல்ல வேண்டுமா?"

"உண்மை அதுதானே சார். அவங்க ஆளே நம்பிட்டாரு."

"அவர் பொறியாளர். மேசையில் உட்காருபவர்கள் வேறு."

"அப்ப என்ன சொல்லப் போறீங்க?"

"பார்க்கலாம்" என்று சொல்லிக் கண்ணாடியைத் துடைத்தார். ஒருமுறைதான் துடைத்தார். அதனால் நான் பயப்படவில்லை.

பேச்சுவார்த்தை அன்று அந்த நாட்டுக் குழுவின் தலைவர் எங்கள் எதிரில் உட்கார்ந்திருந்தார். நெட்டையர் அவருக்குப் பின்னால், எனக்கு நேர் எதிரில். சிப் பற்றிய பேச்சு நன்றாகவே போனது. மதியத்துக்கு முன் அவர் நெட்டையரின் அறிக்கையைக் கையில் எடுத்தார். புன்னகையோடுதான் கேட்டார். "கோயமுத்தூர் எந்திரத்தைப் பற்றி எங்கள் பொறியாளர் சுவையான ஒரு விளக்கம் எழுதியிருக்கிறார். உங்கள் தரப்பும் அதையே சொன்னால் இந்த விஷயத்தை மூடிவிடலாம்."

கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறான் மனிதன். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

இயக்குநர் அந்த மெல்லிய குரலில் சொன்னார். "அந்த நிறுவனம் உரிம விதியை மீறியிருக்கிறது. இதை நாங்கள் தீவிரமாக எடுத்துக்கொள்கிறோம். விசாரித்துக் கடும் நடவடிக்கை எடுப்போம்."

தவறாகக் கேட்டுவிட்டேனோ என்று பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தேன். அவர் அதைக் குறித்துக்கொண்டிருந்தார். எதிரில் பார்த்தேன். நெட்டையர் வாயைத் திறந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவசரமாகத் துண்டுத்தாளில் 'அது வெளியே போகவில்லை என்று சொல்லுங்கள்' என்று எழுதி முன்னால் நீட்டினேன். இயக்குநர் வாங்கினார், படித்தார், இரண்டாக மடித்துத் தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைத்தார். பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது.

இடைவேளையில் நெட்டையர் என்னிடம் நேரே வந்தார். "ஏன் அப்படிச் சொன்னார்? போகவில்லை என்று நானே எழுதியிருக்கிறேனே. உங்கள் ஆட்களை நாங்கள் நம்புகிறோம். நீங்கள் ஏன் நம்பவில்லை?"

என்ன சொல்வது? ஒரு நாட்டின் மானத்தைக் காப்பாற்றுவதற்காக அதே நாட்டுக்காரனைத் திருடன் ஆக்கிவிட்டோம் என்று சொல்வதா? என் வாழ்க்கையில் எனக்குப் பேச்சு வராமல் போனது அந்த ஒரு தடவைதான்.

மாலையில் தாழ்வாரத்தில் வைத்து இயக்குநரைப் பிடித்தேன். எல்லோரும் கேட்கட்டும் என்றே சத்தமாகக் கேட்டேன். "அந்த ஆள் என்ன சார் பண்ணினார்? ஒரு மூலையில இருந்து இன்னொரு மூலைக்கு நகர்த்தினார். அதுக்குக் கடத்தல்காரன் பட்டமா?"

"கடத்தல் என்று நான் சொல்லவே இல்லை. விதிமீறல் என்றுதான் சொன்னேன். அதுவும் உண்மைதானே?"

"எங்கே போச்சுன்னு கேட்டவங்ககிட்ட விதிமீறல்னு சொன்னா என்ன சார் அர்த்தம்? உங்களுக்குத் தெரியாதா?"

"நீ கோயமுத்தூர்க்காரி. அதனால் உனக்கு இது பெரிதாகத் தெரிகிறது. நாம் ஏவுகணை விடுகிற நாடு. நல்ல நேரம் பார்த்து ஸ்விட்ச் போடுகிற நாடு என்று பேர் வாங்க நான் தயாராக இல்லை."

"திருட்டுப்பேர் வாங்கினா பரவாயில்லையா?"

கண்ணாடியைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். "அது ஒரு நிறுவனத்தின் பேர். நாட்டின் பேர் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த வாரம் என்னைப் பேச்சுவார்த்தைக் குழுவிலிருந்து எடுத்து வேறு பிரிவில் போட்டார்கள். அதைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. மேலே இருப்பவர்களுக்கு எழுதிப் பார்த்தேன். மேசையில் சொன்னதை மாற்ற முடியாது என்று பதில் வந்தது. சிப் சலுகையாவது கிடைத்ததா என்றால், சொன்னதில் பாதிகூட வரவில்லை. விதியை மீறுகிற நாடு என்று அடுத்த கூட்டத்திலேயே அவர்கள் நம் வாக்குமூலத்தை எடுத்து நம் முகத்திலேயே அடித்தார்கள். என் இயக்குநர் பார்க்க மறந்த தலைப்பு அது.

சென்னியப்பனின் நிறுவனம் அந்த நாட்டின் கண்காணிப்புப் பட்டியலில் ஏறியது. எந்திரத்தைத் திறக்க ஆள் வரவில்லை. விமான ஆர்டர் போனது. பயிற்சி பெற்ற பிள்ளைகள் ஓசூருக்கும் சென்னைக்கும் பிரிந்து போனார்கள். அவர் ஒருநாளும் என்னைத் திட்டவில்லை. போனில், "நீங்க பண்ண முடிஞ்சதப் பண்ணிப்போட்டீங்க அம்மணி" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

கருத்தரங்கு முடிந்த வாரத்தில் கிணத்துக்கடவு போனேன். அதே ஷெட். இப்போது தேங்காய் உரிக்கும் மெஷின் செய்கிறார். கன்னி மூலையில் தார்ப்பாய்க்குக் கீழே அது நிற்கிறது. ஆயுத பூஜைக்குப் பூசிய சந்தனம் இன்னும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"பழைய இரும்புக்காவது போட்டிருக்கலாமில்லீங்க?" என்றேன்.

"ஆள் வந்துதுங்க. வெலயும் பேசியாச்சு. ஆனா இத எடுக்கோணும்னா வித்தவங்க பர்மிசன் வேணும். பட்டியல்ல இருக்கறவங்ககூட அவங்க பேச மாட்டாங்களாமா. நான் எழுதுனா பதிலே இல்லீங்க. ஓட்டவும் முடியாது, விக்கவும் முடியாது, நவுத்தவும் முடியாது." சிரித்தார். "போன மாசம் வேறொரு வாஸ்துக்காரரு வந்தாருங்க. அது நிக்கற எடந்தான் தப்புங்கறாரு."

திரையில் பார்த்த அம்புக்குறியைச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் எனக்கு மறைக்க வராது. அவர் சிரிப்பது நின்றது. எந்த நாட்டுக்கு என்று கேட்டார். இரண்டு பேரையும் சொன்னேன். தார்ப்பாயின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார்.

"நான் பழனியத் தாண்டி எங்கயும் போனதில்லீங்க அம்மணி. என்ற மெஷின் மட்டும் அத்தன தூரம் போயிட்டு வந்திருக்குது."

அந்த மாணவிக்கும், அவளுக்கு அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தவர்களுக்கும் ஒன்றுதான் சொல்ல வேண்டும். சரவணம்பட்டியில் பஸ் ஏறினால் காந்திபுரம், அங்கிருந்து உக்கடம், அங்கே பொள்ளாச்சி பஸ். கிணத்துக்கடவில் இறங்கிச் சென்னியப்பன் ஷெட் எது என்று கேளுங்கள். தார்ப்பாயைத் தூக்கிக் காட்டுவார். பயப்பட வேண்டாம், எத்தனை வருஷம் கழித்துப் போனாலும் அது அங்கேயேதான் இருக்கும். அதை நகர்த்த யாருக்கும் அனுமதி இல்லை.